காமெடி டிராக் காலமானார்

தமிழ்த் திரைப்படத்தின் காமெடி டிராக் எந்த நாளில் காலமானார் என்று யாராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை. சுவரொட்டி ஒட்டப்படவில்லை, செய்தித்தாளில் கட்டம் கட்டி அறிவிப்பும் வரவில்லை. படம் பார்க்கப் போன நாம்தான் ஒவ்வொருவராக, ஏதோ ஓர் இடைவேளையில், இந்தப் படத்தில் அவர் வரவே இல்லையே என்று யோசித்து, அதற்கு முந்தைய படத்திலும் வரவில்லை என்பது நினைவுக்கு வந்து, அதற்கும் முந்தையதில் இரண்டே காட்சியில் தலைகாட்டிவிட்டு எதுவும் பேசாமல் போனார் என்பதும் நினைவுக்கு வந்து, மெல்லத்தான் தெரிந்துகொண்டோம். நெடுநாள் படுத்திருந்தவர் என்பதால் அதிர்ச்சி இல்லை. துக்கம் இருக்கிறது.

உங்களுக்குத் தெரியாதவர் அல்லர். நாயகனுக்கும் நாயகிக்கும் நடக்கிற கதை ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருக்க, அதோடு ஒட்டியும் ஒட்டாமலும் தனக்கென்று ஒரு கடை, ஒரு மனைவி, ஒரு கடன்காரன், ஓர் எடுபிடி என்று வைத்துக்கொண்டு, ஐந்தாறு தவணைகளாக மொத்தம் அரைமணி நேரம் வந்துபோன தனிக்குடித்தனம் அவருடையது. அந்த அரைமணி நேரத்துக்காகவே டிக்கெட் எடுத்தவர்கள் நம் வீடுகளில் இருந்தார்கள். எங்கள் பாட்டிக்கு எந்தப் படத்திலும் நாயகன் பெயர் நினைவில் நின்றதில்லை, ‘சிரிப்பு வந்துட்டுதா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொள்வார்.

பெரியவரின் பூர்வீகம் மேடை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் ராஜா வருவதை அறிவித்துக்கொண்டே ராஜாவைக் கிண்டலும் செய்வான். சங்கரதாஸ் சுவாமிகள் வழிவந்த ஸ்பெஷல் நாடகத்தில் வள்ளியும் முருகனும் வருவதற்கு வெகுநேரம் முன்பே பபூன் வந்து, ஆர்மோனியக்காரரை வம்புக்கு இழுத்து, அந்த ஊர்க் கண்மாய்த் தகராறு வரைக்கும் பேசி, கூட்டத்தைத் தன் கைக்குள் கொண்டுவந்துவிடுவார். கதைக்கு அவர் தேவையில்லை, கூட்டத்துக்குத் தேவை. 1931இல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கியபின் நாடகக் கம்பெனிகள் ஒட்டுமொத்தமாக ஸ்டுடியோக்களுக்குக் குடிபெயர்ந்தபோது, ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் ஏறிய வண்டியிலேயே பபூனும் ஏறிக்கொண்டார். தொடக்கத்தில் அவருக்குப் பெரிய படத்துக்குள் இடமில்லை. தனியே ஒரு குட்டி நகைச்சுவைப் படம் எடுத்து, முக்கியப் படத்தோடு சேர்த்துக் காட்டும் வழக்கம் இருந்தது.

நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் பிறந்து, டி.கே.எஸ். சகோதரர்களின் நாடகக் குழுவில் வளர்ந்த என்.எஸ். கிருஷ்ணன் முப்பதுகளின் நடுவில் திரைக்கு வந்த பிறகுதான் பெரியவருக்கு வீட்டுக்குள்ளேயே ஓர் அறை கிடைத்தது. கலைவாணர் என்று பெயர்பெற்ற கிருஷ்ணன் செய்துகொண்ட ஏற்பாடு எளிமையானது. தன் பகுதியைத் தானே யோசிப்பார்; தன் ஆட்களைத் தானே அழைத்து வருவார்; டி.ஏ. மதுரம் உடன் இருப்பார். முதலாளி அதை வாங்கிப் படத்தின் நடுவே பொருத்திக்கொள்ள வேண்டியதுதான். புராணப் படமோ ராஜா படமோ, அந்தப் பகுதியில் மட்டும் சாதாரண ஜனங்களின் பேச்சு கேட்கும். எம்.எஸ். சுப்புலட்சுமியும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் பாட்டாலேயே நடத்திக்கொண்டு போன ‘சகுந்தலை’யில் (1940) கலைவாணரும் டி.எஸ். துரைராஜும் இரண்டு மீனவர்களாக வந்து போட்ட சண்டை, துஷ்யந்தனின் அரண்மனையை மறக்கச் செய்தது. லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் 1944இன் இறுதியில் கைதாகி, 1947இல் விடுதலையாகி வந்தவரை மக்கள் விட்ட இடத்திலிருந்தே ஏற்றுக்கொண்டார்கள். அண்ணாவின் கதையில் வந்த ‘நல்லதம்பி’யில் (1949) அவர் நடத்திய கிந்தனார் காலட்சேபம் நினைவிருக்கும். தில்லைக்குப் போகத் தவித்த நந்தனாரின் இடத்தில், படிப்புக்காகப் பட்டணம் போகத் தவிக்கும் ஒரு சேரிப் பையனை வைத்து, பாகவதரின் பாணி சற்றும் பிசகாமல் ஒரு முழுக் கதாகாலட்சேபம். சிரித்து முடித்தபின் யோசித்தால்தான் அவர் எவ்வளவு பெரிய விஷயத்தைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார் என்பது புரியும். 1957இல் கலைவாணர் மறைந்தபோது காமெடி டிராக் தமிழ்ப் படத்தின் ஒரு பாகமாகவே ஆகியிருந்தது; அது இல்லாத படத்துக்குத்தான் காரணம் சொல்ல வேண்டியிருந்தது.

அந்தப் பாகத்தின் வேலை என்ன என்பதற்கு ‘கல்யாணப் பரிசு’ (1959) போதும். ஸ்ரீதரின் அந்தப் படம் ஒரு பெரும் சோகம். தங்கைக்காரி அக்காவுக்காகத் தன் காதலை விட்டுக்கொடுத்து, விட்டுக்கொடுத்ததன் வலியிலேயே எல்லோரும் தேய்ந்துபோகிற கதை. அதற்குள் கே.ஏ. தங்கவேலு வருகிறார். வேலை வெட்டி இல்லாதவர். மன்னார் அண்ட் கம்பெனியில் உத்தியோகம் பார்ப்பதாக மனைவியிடம் சொல்லிவைத்திருக்கிறார். அது போதாதென்று எழுத்தாளர் பைரவன் தான்தான் என்றும் புளுகிவிடுகிறார். எம். சரோஜா அத்தனையையும் நம்புகிறார். அந்த நம்பிக்கையில்தான் காட்சியின் உயிர் இருக்கிறது. தங்கவேலு ஒவ்வொரு பொய்யாக அடுக்கும்போதும் சரோஜாவின் முகத்தில் பெருமை ஏறிக்கொண்டே போக, மாட்டிக்கொள்வாரோ என்ற பயத்தைவிட, அந்தப் பெண்ணின் பெருமை உடைந்துவிடுமோ என்ற பயம்தான் நமக்குப் பெரிதாகிறது. படத்தின் முக்கோணக் காதலை இன்று பலர் மறந்திருக்கலாம். இல்லாத கம்பெனிக்கு மன்னார் அண்ட் கம்பெனி என்று பெயர் சொல்லும் பழக்கம் மட்டும் அறுபது ஆண்டு தாண்டியும் இருக்கிறது. சோகத்தைத் தாங்கிக்கொள்ளவும், அடுத்த சோகத்துக்கு மூச்சைச் சேர்த்துக்கொள்ளவும் பெரியவர் அவகாசம் கொடுத்தார்.

சந்திரபாபுவும் அந்தக் காலத்தவர்தான். ஆனால் அவருக்கு டிராக் போதவில்லை, முழுப்படமும் வேண்டியிருந்தது. ‘சபாஷ் மீனா’வில் (1958) இரட்டை வேடம் கட்டிக்கொண்டு கிட்டத்தட்ட வாங்கியும் விட்டார்.

அதற்குப் பின்னால் வந்த நாகேஷைப் பற்றித் தனியே எழுத வேண்டும். இங்கே இரண்டு காட்சிகளை மட்டும் சொல்லிக்கொள்கிறேன். ‘காதலிக்க நேரமில்லை’ (1964) முழுவதும் சிரிப்புப் படம், அதில் தனி டிராக் என்று பிரிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் படமெடுக்கத் துடிக்கிற செல்லப்பா தன் அப்பாவிடம் பேய்க்கதை சொல்கிற அந்தச் சில நிமிடங்கள் பெரியவரின் குலச்சொத்து. நாகேஷ் வாயாலேயே காற்றையும் கதவையும் காலடியையும் உண்டாக்குகிறார். அதைவிடப் பெரிய காரியத்தைச் செய்கிறவர் எதிரே உட்கார்ந்திருக்கிற டி.எஸ். பாலையா. அவருக்கு வசனமே இல்லை என்று சொல்லலாம். கேட்க இஷ்டமில்லாத அலட்சியத்தில் தொடங்கி, ஒரு கட்டத்தில் காது கொடுத்து, பிறகு கண் விரிந்து, உடம்பு சுருங்கி, நாற்காலியோடு ஒட்டிக்கொள்வது வரைக்கும் அந்தப் பெரிய முகம் போகிற பயணத்தை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். எத்தனையோ படங்களில் வில்லனாக மிரட்டிய முகம் அது. சிரிக்கவைக்கிறவருக்குச் சமமாகக் கேட்கிறவரும் வேண்டும் என்பதைப் பிறகு வந்த பலர் மறந்துவிட்டார்கள்.

மற்றொன்று ‘திருவிளையாடல்’ (1965). பாட்டெழுதத் தெரியாத ஏழைப் புலவன் தருமி, ஆயிரம் பொற்காசு கைக்கு எட்டாமல் போகப்போகிறதே என்று கோயில் மண்டபத்தில் தனக்குத்தானே புலம்புகிற இடம். தமிழ்ச் சங்கம், பாண்டியன், நக்கீரர், சிவபெருமான் என்று எல்லாரும் பெரிய இடத்து ஆட்களாக இருக்கிற கதையில், வறுமையும் ஆசையும் பயமும் உள்ள ஒரே ஆள் தருமிதான்; எனவே நாம் அவர் பக்கம் நின்றோம். அந்தப் படத்தின் வசன இசைத்தட்டு ஒலிபெருக்கி வைத்த எல்லாக் கல்யாண வீட்டிலும் கோயில் கொடையிலும் சுழன்றது. திரையையே பார்த்திராத பிள்ளைகள் கேள்வியும் பதிலுமாகத் தருமியை ஒப்பித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வானொலியில் ஒலிச்சித்திரம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது விளங்கும். படத்தின் ஒலியை மட்டும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவார்கள். சண்டைக் காட்சியில் வெறும் டமால் டுமீல் கேட்கும், காதல் காட்சியில் இசை மட்டும் நீளும். சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்த வீடு நிமிர்ந்து உட்கார்வது அவர் குரல் வரும்போதுதான். கண்ணுக்குத் தெரியாமலும் சிரிக்கவைக்கத் தெரிந்தவர் அவர். பிறகு ஒலிநாடா வந்தது. தேநீர்க் கடையிலும் முடிதிருத்தும் கடையிலும் நகைச்சுவை கேசட் ஒன்று எப்போதும் இருந்தது. அதற்கும் பிறகு இரவுப் பேருந்தில் வீடியோ வந்தபோது, முன்வரிசையில் இருப்பவர்களுக்கு மட்டுமே படம் தெரிய, கடைசி இருக்கைவரை சிரிப்பு போய்ச் சேர்ந்ததை நாம் பார்த்திருக்கிறோம்.

பெரியவரைப் பற்றிப் பேசும்போது அவருடைய வீட்டுக்காரம்மாவைச் சொல்லாமல் விடுகிறோம் என்று எனக்கு ஒரு குறை உண்டு. என்.எஸ்.கே.க்கு மதுரம், தங்கவேலுவுக்கு சரோஜா, நாகேஷுக்கு மனோரமா என்று ஒரு காலம் வரைக்கும் அது இருவர் நடத்திய குடும்பம். அதில் பெண் கேலிப்பொருளாக வாய்த்தவள் இல்லை. பல நேரம் புத்திசாலி அவள்தான். அவனுடைய பவிசைப் பிய்த்து எறிகிற வேலை அவளுடையது. மனோரமாவோ தன்னந்தனியாகவே டிராக்கைத் தாங்கியவர். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) படத்தில் சிவாஜியும் பத்மினியும் பாலையாவும் நாகேஷும் ஆளுக்கொரு மலையாக நின்றிருக்க, ஜில் ஜில் ரமாமணியாக நாடகக்காரிக்குரிய அந்தக் கொஞ்சலோடும் வெகுளித்தனத்தோடும் வந்து தனக்கான இடத்தை எடுத்துக்கொண்டுவிட்டார். எண்பதுகளில் அந்த வீட்டுக்காரம்மா பின்கட்டுக்குப் போய்விட்டார். கோவை சரளா போன்ற ஒருவர் இருவர் மட்டும் சண்டை போட்டுக்கொண்டு முன்வாசலுக்கு வந்தார்கள். அந்த நாளிலிருந்து பெரியவரின் பேச்சில் ஒரு முரட்டுத்தனம் சேர்ந்தது என்பது என் எண்ணம்.

ஆனால் அந்த முரட்டுத்தனத்தில்தான் அவருக்கு இரண்டாம் இளமையும் வந்தது. ‘பதினாறு வயதினிலே’யில் (1977) பரட்டையின் பக்கத்தில் நின்ற கவுண்டமணி, 1984இல் ‘வைதேகி காத்திருந்தாள்’ படத்தில் ஆல் இன் ஆல் அழகுராஜாவாகச் சைக்கிள் கடை திறந்தார். விஜயகாந்தின் வெள்ளைச்சாமி பேச்சையே குறைத்துக்கொண்ட ஒரு துயர மனிதன். அந்தத் துயரத்துக்கு இரண்டு தெரு தள்ளி இந்தக் கடை. அங்கே பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு உண்டு. இந்தத் துணிப்பையா இவ்வளவு வெளிச்சம் தருகிறது என்று செந்திலுக்குச் சந்தேகம். எரிந்து முடிந்த மேன்டில் வெறும் சாம்பல் கூடு என்பதும், மூச்சுப் பட்டாலே உதிரும் என்பதும் பெட்ரோமாக்ஸ் வைத்திருந்த ஊர்க்காரர்களுக்கெல்லாம் தெரியும். எனவே செந்திலின் விரல் அதை நோக்கிப் போகும்போதே அரங்கம் சிரிக்கத் தொடங்கிவிடும். விரல் தொட, மேன்டில் பொலபொலவென்று போக, அழகுராஜாவின் முகத்தில் ஒரு நொடி கோபம் வராது. நஷ்டம்தான் வரும். அன்றைய வாடகை போன நஷ்டம். அதற்குப் பிறகே உதை. இதை எழுதியவர் ஏ. வீரப்பன். நடிகர், கவுண்டமணி - செந்தில் ஜோடிக்குப் பல படங்களில் டிராக் எழுதியவர். நாம் வாழ்நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்த பேச்சுகளில் பாதியை எழுதிய மனிதரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் 2005இல் இறந்தார்.

‘கரகாட்டக்காரன்’ (1989) வந்தபோது கங்கை அமரனின் அந்தப் படம் மதுரையில் ஓராண்டுக்கும் மேல் ஓடியது. இளையராஜாவின் பாட்டு ஒரு காரணம், வாழைப்பழம் இன்னொரு காரணம். இரண்டு பழம் வாங்கிவரச் சொன்னான், ஒன்று வந்திருக்கிறது, இன்னொன்று எங்கே? இவ்வளவுதான் விஷயம். அந்தக் கணக்கைச் செந்தில் முடிக்கிற விதத்தில் ஒரு தர்க்கப் பிழையும் இல்லை என்பதுதான் கவுண்டமணியைப் பைத்தியமாக்குகிறது. கதைக்கும் இதற்கும் ஒட்டு உறவு கிடையாது. இதை வெட்டி எறிந்தால் காந்திமதிக்கும் கனகாவுக்கும் ராமராஜனுக்கும் எந்த இழப்பும் இல்லை. அப்படி வெட்டியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

டிராக் உருவான விதத்தையும் இங்கே பதிவு செய்துவிட வேண்டும், ஏனெனில் இனி அந்தத் தொழில் நுணுக்கத்தைச் சொல்ல ஆள் இருக்கப்போவதில்லை. விநியோகஸ்தர் படம் வாங்க வந்தால் நாயகன் யார் என்பதற்கு அடுத்த கேள்வி காமெடி யார் என்பதுதான். நகைச்சுவை நடிகரிடம் மொத்தமாகச் சில நாள் கால்ஷீட் வாங்குவார்கள். அவரோடு அவருடைய எழுத்தாளரும் துணை நடிகர்களும் வருவார்கள். இயக்குநர் பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்வார். முடிந்த படத்தைப் போட்டுப் பார்த்து ‘கனமாக இருக்கிறது’ என்று யாராவது சொல்லிவிட்டால் புதிதாக எடுத்துச் சேர்ப்பதும் உண்டு. தையல் தெரியத்தான் செய்தது. முந்தைய காட்சியில் மார்கழிப் பனி, அடுத்ததில் சித்திரை வெயில். நாயகன் ஒரே ஒரு ஷாட்டில் அந்தக் கடைப் பக்கம் நடந்துபோய் இரண்டு கதைகளையும் உறவாக்கிவிட்டுப் போவார். முடிவில் வில்லன் கைதானதும் குடும்பமே கூடி நிற்கிற ஃபிரேமில் ஒரு ஓரமாக நகைச்சுவை நடிகர் வந்து நின்றுகொள்வார், இந்தச் சண்டையெல்லாம் எதற்காக நடந்தது என்று அவருக்குத் தெரியாது. விமர்சகர்களுக்கு இது குறையாகப் பட்டது. எனக்கு அந்தத் தையல்மீதுதான் பிரியம் அதிகம்.

வடிவேலு வந்தபோது பெரியவருக்குப் பேச்சைவிட உடம்பு முக்கியமானது. மதுரைத் தெருப் பேச்சு அவருக்கு இயல்பாகவே உண்டு. அதற்கும் மேல் அந்த நடை, அந்தப் பின்வாங்கல், வீரமாக ஒரு காலை எடுத்துவைத்துவிட்டு மற்ற காலை எடுக்க மறுக்கிற உடம்பு. ‘ஃப்ரெண்ட்ஸ்’ (2001) படத்தில் கான்ட்ராக்டர் நேசமணி, ‘வின்னர்’ (2003) படத்தில் கைப்புள்ள, ‘தலைநகரம்’ (2006) படத்தில் நாய் சேகர் என்று அவர் செய்தவர்கள் எல்லோருக்கும் ஒரு பொதுக்குணம் உண்டு: தோற்றுவிட்டோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்ளவே மாட்டார்கள். அடி வாங்கிவிட்டு வந்து அதை வெற்றியாக விவரிக்கும் அந்தத் தோரணையில், அலுவலகத்தில் வாங்கிய திட்டை வீட்டில் வேறு மாதிரிச் சொல்கிற நம் அப்பாக்களையும் நம்மையும் பார்த்துக்கொண்டோம். கவுண்டமணி அடித்தார், நாம் சிரித்தோம். வடிவேலு வாங்கினார், சிரித்துக்கொண்டே கொஞ்சம் நெளிந்தோம். அதே ஆண்டுகளில் விவேக் இன்னொரு பக்கம் இருந்து கலைவாணரின் பழைய வேலையைக் கையில் எடுத்து, மூடநம்பிக்கையையும் லஞ்சத்தையும் படித்தவன் பேச்சில் நையாண்டி செய்தார். அவர் 2021 ஏப்ரலில் போனபோது ஊர் ஊராக மரக்கன்று நட்டு அஞ்சலி செலுத்தினோம்.

இறந்தவரைப் பற்றி நல்லது மட்டும் சொல்ல வேண்டும் என்பார்கள். ஆனால் குடும்பத்துக்குள் நாம் பேசிக்கொள்ளலாம். கறுப்பாக இருந்ததற்காகவும், குண்டாக இருந்ததற்காகவும், தலையில் முடி இல்லாததற்காகவும் எத்தனை பேரை அவர் கூட்டத்தின் நடுவே நிறுத்தி ஏசினார். பெண் வேடமிட்டவர்களையும் திருநங்கைகளையும் பார்த்த மாத்திரத்தில் அவர் பேசிய பேச்சை இன்று பிள்ளைகளோடு உட்கார்ந்து கேட்க முடியவில்லை. எட்டி உதைப்பது ஒரு கட்டத்தில் நகைச்சுவைக்குப் பதிலாகவே வந்து நின்றது. எளியவனைப் பேசவைத்த அதே வாய் எளியவனை இழிவும் செய்தது. அப்போது சிரித்தவர்கள் நாம்தான், அதனால் பழியை அவர் ஒருவர் தலையில் போட எனக்கு மனம் வரவில்லை.

கடைசிக் காலத்துக்கு வருவோம். தொலைக்காட்சியின் ‘லொள்ளு சபா’விலிருந்து வந்த சந்தானம், பெரியவருக்கு இருந்த தனி வீட்டைக் காலி செய்து நாயகனின் அறைக்கே குடிவைத்தார். ‘சிவா மனசுல சக்தி’ (2009), ‘பாஸ் என்கிற பாஸ்கரன்’ (2010), ‘ஒரு கல் ஒரு கண்ணாடி’ (2012) ஆகியவற்றில் அவர் நாயகனின் நண்பன், நாயகன் இருக்கிற எல்லாக் காட்சியிலும் அவரும் இருக்கிறார், சிரிப்புக்குப் பஞ்சமில்லை. ஆனால் சைக்கிள் கடை போயிற்று, பொய் சொல்லிக் காப்பாற்ற வேண்டிய மனைவி போனாள், நண்பனின் காதலைத் தவிர அவருக்கென்று ஒரு கவலையும் இல்லாமல் போயிற்று. வசதியான ஏற்பாடுதான், தையல் தெரியாது. தனிக்குடித்தனம் முடிந்தது அங்கேதான் என்று நினைக்கிறேன்.

மற்ற காரணங்கள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. இருபத்துநான்கு மணி நேரமும் நகைச்சுவைக் காட்சிகளை மட்டும் ஒளிபரப்ப ஆதித்யா, சிரிப்பொலி என்று தொலைக்காட்சிகள் வந்தன. படம் இல்லாமலே டிராக் கிடைக்கும் என்றான பின், டிராக் இல்லாமலே படம் எடுக்கலாம் என்று தோன்றுவது இயற்கை. கதையோடு ஒட்டாத எதுவும் படத்தில் இருக்கக் கூடாது என்று புதிய இயக்குநர்கள் நினைத்தார்கள். ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ (2012), ‘சூது கவ்வும்’ (2013) போன்ற படங்களில் சிரிப்பு கதையின் ரத்தத்திலேயே கலந்திருந்தது. அவை நல்ல படங்கள், அவற்றின்மேல் எனக்கு வருத்தமில்லை. 2011 தேர்தல் பிரசாரத்துக்குப் பிறகு வடிவேலு திரையில் அருகிப்போனார். 2014இல் சந்தானம் ‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ வழியாக நாயகன் ஆனார். பரோட்டா தின்று புகழ்பெற்ற சூரி 2023இல் ‘விடுதலை’யில் துப்பாக்கி தூக்கினார், அதே ஆண்டு ‘மாமன்னன்’ படத்தில் வடிவேலு சிரிக்கவே இல்லை, நம்மை அழவைத்தார். யோகி பாபு ‘மண்டேலா’வில் (2021) ஓட்டுரிமையின் விலையை நமக்குக் காட்டினார். வளர்ந்த பிள்ளைகள் நல்ல உத்தியோகத்துக்குப் போனால் சந்தோஷப்படத்தானே வேண்டும். வீட்டில் பெரியவர் தனியாக இருந்தார்.

அவரை நம்பி வாழ்ந்தவர்களையும் நினைத்துக்கொள்ள வேண்டும். வடிவேலுவைச் சுற்றி நின்று அவரிடம் வாங்கியும் அவருக்குக் கொடுத்தும் நம்மைச் சிரிக்கவைத்த அந்தப் பத்துப் பதினைந்து முகங்கள், ஒரு படத்துக்கு இரண்டு நாள் வேலை என்று மாதம் நான்கைந்து படங்களில் பிழைத்தவர்கள். அல்வா வாசு 2017இல் போனார். இலங்கையிலிருந்து வந்து தமிழ்நாட்டில் பெயரெடுத்த போண்டா மணி, சிறுநீரகம் பழுதாகிப் பல மாதம் துன்பப்பட்டு 2023 டிசம்பரில் இறந்தார். சண்டைக் கலைஞராக இருந்து இந்தப் பக்கம் வந்த வெங்கல் ராவும் இவர்களில் ஒருவர். டிராக் என்பது ஒரு நடிகரின் புகழ் மட்டும் இல்லை, ஒரு சிறு தெருவே அதில் சோறு தின்றது.

பெரியவர் எங்கே போனார், கைபேசியைத் திறந்தால் அவர்தானே இருக்கிறார் என்று சிலர் ஆறுதல் சொல்கிறார்கள். உண்மைதான். 2019 மே மாதம், யாரோ எங்கோ சுத்தியல் படத்தைப் போட்டு இதற்கு உங்கள் நாட்டில் என்ன பெயர் என்று கேட்கப்போய், பதினெட்டு வருடத்துக்கு முன் நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல் உலகம் முழுக்க விழுந்தது. அவர் பிழைக்க வேண்டும் என்று ஊரே பிரார்த்தனை செய்தது. அரசியல் நடந்தால் கவுண்டமணியின் முகம் வருகிறது, சம்பளம் வராவிட்டால் வடிவேலுவின் முகம் வருகிறது. ஆனால் அவையெல்லாம் அவர் முன்பு சொன்னவை. நமக்கு நேற்று நடந்ததை வைத்து அவர் இன்று புதிதாக ஒன்றும் சொல்வதில்லை. இணையவழி உணவு கொண்டுவருகிற பையன், அடுக்குமாடிக் காவலாளி, தவணை கட்டத் தவறிய ஆட்டோக்காரர், இவர்களுக்கென்று ஒரு கடையும் ஒரு செந்திலும் ஒரு அரைமணி நேரமும் கிடைத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்கிறேன். இவர்கள் இன்றைய படங்களில் வராமல் இல்லை. வந்தால் கொல்லப்படுகிறார்கள், அல்லது நாயகனுக்குத் தகவல் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.

2025 பொங்கலுக்கு ‘மத கஜ ராஜா’ வெளியானது. சுந்தர் சி. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் எடுத்துப் பெட்டியிலேயே தங்கிவிட்ட படம். விஷால் நாயகன், சந்தானம் நாயகன் ஆகாத காலத்துச் சந்தானம். அதில் மனோபாலா பிணமாகிவிட, பிணம் என்பது வெளியே தெரியாமல் இருக்க அவரைத் தூக்கியும் நிறுத்தியும் உட்காரவைத்தும் அவர்கள் படுகிற பாடு வெகுநேரம் நீள்கிறது. நாடகமேடைக் காலத்துப் பழைய சரக்குதான். மனோபாலா 2023 மே மாதமே இறந்துவிட்டார் என்பது அரங்கில் எல்லோருக்கும் தெரியும். படம் எடுத்தபோது ஆரம்பப் பள்ளியில் இருந்திருக்கக்கூடிய பையன்கள் எனக்கு முன்வரிசையில் இருந்தார்கள். அவர் தலை ஒரு பக்கமாகச் சாய்கிற ஒவ்வொரு முறையும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். அந்தப் பொங்கலுக்குப் பெரிய கூட்டம் அந்தப் படத்துக்குத்தான். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் திரும்பி, ‘இன்னும் ஒரு பத்து நிமிஷம் இழுத்திருக்கலாம்ல?’ என்று கேட்டார். இழுத்திருக்கலாம் என்றுதான் நானும் சொன்னேன்.